கல்லறை வாசலில் நின்ற வண்டி

ஜெசிந்தாவின் வண்டிக்கும் டச்சுக்காரர்களுக்கும் ஏதோ பழைய பகை இருக்கிறது என்று பழவேற்காட்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பேசினவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மார்கழி பிறந்த நாளிலிருந்து அந்த மொபெட் வண்டி செய்த கூத்து அப்படி. விடியற்காலை ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது அவள் நண்டுக் கூடைகளை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுவாள். வண்டி நல்ல பிள்ளையாக மாதா கோயிலைத் தாண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும். டச்சுக் கல்லறை வாசலுக்கு வந்ததும் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகும். வாசல் தூணில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடு, வா என்று கூப்பிட்டது போல அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் கங்காதரனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"முந்நூறு வருசமா உள்ள படுத்துக்கினு கீறாங்க. நண்டு வாசன மூக்குல ஏறுது, எழுந்துக்க முடியல. அவுங்களும் இன்னா பண்ணுவாங்க? ரெண்டு நண்ட உள்ள தூக்கிப் போட்டுட்டுப் போக்கா."

"நீ மொதல்ல டீயில கொஞ்சம் பால ஊத்து. அப்பறம் எனக்கு யோசன சொல்லலாம்" என்பாள் ஜெசிந்தா.

பனி குறைவான நாட்களில் பத்து நிமிடம் சும்மா விட்டால் வண்டி தானாகக் கிளம்பிவிடும். ஏரியும் கரையும் தெரியாமல் பனி கொட்டுகிற நாட்களில் வெயில் ஏறும்வரை அசையாது. வெயில் ஏறிவிட்டாலோ, ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் அழுத்தலிலேயே உறுமும். அப்படி இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருந்து, பொன்னேரி மார்க்கெட்டுக்கு எட்டு மணிக்குமேல் போய்ச் சேர்ந்திருந்தாள். மூன்றாவது நாள் ஒன்று வந்தால் அவளுடைய கல் போய்விடும்.

கல் என்றால் மார்க்கெட்டில் மீன்காரிகள் கூடை வைக்கிற கல்மேடை. பொன்னேரியில் பதினான்கு கற்கள் உண்டு. கடைசிக் கல் சாக்கடை ஓரம். முதல் கல் வாசலிலேயே இருக்கிறது. ரயிலுக்கு ஓடுகிறவர்களும், ரயிலிலிருந்து இறங்குகிறவர்களும், கோர்ட்டுக்கு வருகிறவர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான். பதினோரு வருடத்துக்கு முன் ஜெசிந்தா சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டியவள். ஒவ்வொரு கல்லாக முன்னேறி, போன வருடம்தான் வாசல் கல்லுக்கு வந்தாள். அந்த மீன்காரிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலை ஆறு மணிக்குள் கூடை கல்லில் இறங்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று நாள் தவறினால் கல் அடுத்தவளுக்கு. காய்ச்சலா, கல்யாணமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தத் தாளிலும் எழுதாத கட்டுப்பாடு அது. ஆனாலும் யாரும் மீறியதில்லை. காந்தா என்பவள் காய்ச்சலில் மூன்று நாள் படுத்ததால்தான் வாசல் கல்லே ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. அன்றைக்கு அவள் வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு எந்த முகத்தோடு நியாயம் பேசுவது? இரண்டாவது கல்லில் மத்தி விற்கும் சரோஜா இப்போதே வாசல் கல்லை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். போனாள், ஒரே ஒரு முறை. கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று கண்டக்டரின் பேண்ட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதூர் வரை விடவே இல்லை. அன்றோடு பஸ் வாசல் அடைபட்டது. ஆட்டோக்காரரை எழுப்பி, அவர் பல் விளக்கி வருவதற்குள் ஆறு மணி ஆகிவிடும்.

முதல் நாள் தவறியதுமே ஜெசிந்தா பொன்னேரியில் மெக்கானிக் தருமலிங்கத்திடம் வண்டியை விட்டாள். அவர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், டேங்கிலிருந்து வரும் டியூபைப் பிடுங்கிக் காட்டினார். பெட்ரோல் குழாயடித் தண்ணீர் போலக் கொட்டியது.

"வண்டில ஒண்ணுமில்லம்மா. பனிக்கு இன்ஜின் ஜில்லுனு கீது, அவ்ளோதான். காலைல சோக்கை இழுத்து வெச்சு, அஞ்சு நிமிஷம் வீட்டாண்டயே ஓட வுடு. சூடாயிட்டா நிக்கவே நிக்காது."

சொன்னபடி அடுத்த பனி நாளில் சோக்கை இழுத்து, ஐந்து நிமிடம் வாசலிலேயே ஓடவிட்டுப் புறப்பட்டாள். வண்டி கல்லறை வரைகூட வரவில்லை. மாதா கோயில் வாசலிலேயே நின்றுவிட்டது. பனி பிசுபிசுக்க அங்கேயே நின்று, செல்ப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். உறுமல் முனகலாகி, முனகல் டக் டக் என்றாகி, கடைசியில் அதுவும் இல்லை. கிக்கரை உதைக்கலாமென்றால் கூடை மாட்டும் இரும்புச் சட்டம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. கூடைகளை இறக்கி உதைத்துப் பார்த்தாள், கால் வீங்கியதுதான் மிச்சம். வெயில் ஏறிய பிறகுதான் உதைக்கு வண்டி பிடித்தது. அது இரண்டாவது நாள். மாதாவைப் பார்த்து அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வண்டியின் பக்க மூடியைக் கழற்றினாள். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஏரிக்காற்றின் வேலை. புருஷன் தனசேகர் பக்கத்தில் வந்து குந்தினான். பைபர் படகுகளில் ஓட்டை அடைப்பது அவன் தொழில். கடலில் பாறையில் இடித்துப் பிளந்த படகையும் ரெசின் பசை பூசி மூன்றே நாளில் தண்ணீரில் இறக்கிவிடுவான். "தனசேகர் அடைச்சா காத்து கூடப் போவாது" என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். வண்டிக்கும் அவன்தான் வைத்தியன். ஐப்பசி மழையில் டேங்கில் தண்ணீர் இறங்கியபோது பெட்ரோலை வடித்து, டேங்கைத் துடைத்து, மூடியையும் சரிசெய்து கொடுத்தது அவன்தான்.

"பேட்டரிக்கு நான் போன மாசமே தண்ணி ஊத்துனனே" என்றான்.

"இன்னா தண்ணி?"

"கேன் தண்ணிதான். நாம குடிக்கறது. சுத்தமான தண்ணி."

"பேட்டரிக்கு நீ விருந்து வெச்சியாய்யா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனாள். படகு விளக்குகளுக்கான பேட்டரிகளைச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கண்ணப்பன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே தண்ணீர், கீழ்க் கோட்டுக்கும் கீழே கிடந்தது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுத்தான். அவளே பழைய பல் பிரஷ்ஷால் முனைகளைத் தேய்த்தாள். பூத்திருந்ததெல்லாம் நுரைத்துக்கொண்டு போய், ஈயம் பளிச்சென்று தெரிந்தது. ஈரம் போகத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரை மேல் கோடு வரை, ஒரு சொட்டு கூடாமல் ஊற்றினாள்.

"பொழச்சிக்கும்" என்றான் கண்ணப்பன். "மெதுவா சார்ஜ் ஏத்தி ராத்திரிக்குத் தரேன். மாட்டி முறுக்கினதுக்கு அப்பறமா மேல வாசலின் தடவு. முன்னாடியே தடவிட்டா கரண்டு புடிக்காது. செல்ப ஒரு தபா அஞ்சு எண்ற வரைக்கும்தான் அமுக்கணும். அரை நிமிஷம் வுட்டுட்டு அடுத்த தபா. நீ பாட்டுக்கு அமுக்கிக்கினே இருந்தா எந்த பேட்டரிதான் தாங்கும்?"

"அப்ப நாளைக்கு வண்டி நிக்காதில்ல?"

கண்ணப்பன் நேர்மையானவன். "அது எனக்குத் தெரியாதுக்கா. வண்டி ஓடிக்கினு இருக்கச் சொல்ல நின்னுச்சு. அப்பறம்தான நீ பேட்டரியப் போட்டு அமுக்குன. செத்தது பேட்டரி. கொன்னது வேற எதுவோ."

இந்த வார்த்தை அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. எல்லாரும் பதில் சொன்னார்கள், இவன் ஒருத்தன்தான் கேள்வியைக் கொடுத்து அனுப்பினான். அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது.

மறுநாள் கண் விழித்தபோது பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அந்த மார்கழியிலேயே அப்படி ஒரு பனி அதுவரை இறங்கியதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் பசியாவரத்திலிருந்து வந்த படகுகள் சத்தத்தை வைத்தே கரையைக் கண்டுபிடித்தன. ஜெசிந்தா நண்டுகளை எண்ணி வாங்கி, கொடுக்குகளைச் சணலால் இறுக்கி, ஈரச் சாக்கு போர்த்திக் கட்டினாள். பட்டனைத் தொட்டதுமே வண்டி கம்பீரமாக ஸ்டார்ட் ஆனது. வாசலில் நின்றிருந்த தனசேகர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சோக்கை அவள் தொடவே இல்லை. இருந்த நேரத்தை எல்லாம் சாலையிலேயே செலவழிப்பது என்று புறப்பட்டுவிட்டாள். மாதா கோயில் தாண்டியது. தண்ணீர்த் தொட்டி தாண்டியது. கல்லறை வாசல் வந்தது. இரண்டு இருமல், அப்புறம் அமைதி.

பதினோரு வருடம் சாக்கடை ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்ததெல்லாம், இந்த எலும்புக்கூட்டுக்கு முன்னால் இப்படி நின்றுபோவதற்குத்தானா?

பனிக்குள்ளிருந்து கங்காதரனின் குரல் வந்தது. "இன்னாக்கா, வந்துட்டியா? உள்ள கீறவங்க கேட்டுக்கினு இருந்தாங்க."

அவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். மணி நான்கு ஐம்பத்தி மூன்று. பொன்னேரிக்கு, இந்தப் பனியில், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பட்டனில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். அழுத்தி அழுத்தித்தானே நேற்று பேட்டரியைச் சாகடித்தாள். கொன்னது வேற எதுவோ.

அப்படியே நின்று யோசித்தாள். தினமும் ஏன் இங்கேயே நிற்கிறது? குளிர்தான் காரணமென்றால் ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்று நிற்க வேண்டாமா? ஒரே ஒரு நாள்தான் முன்னாலேயே நின்றது. மாதா கோயிலில். அன்றைக்கு என்ன வித்தியாசம்? ஐந்து நிமிடம் வீட்டிலேயே ஓடவிட்டாள். சூடாக்கிய நாளில் இன்னும் தூரம் போயிருக்க வேண்டும், ஆனால் சீக்கிரமே நின்றது. அப்படியென்றால் இன்ஜினுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஏதோ ஒன்று அளவாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே செலவழித்தால் கோயில் வரை வரும், செலவழிக்காவிட்டால் கல்லறை வரை வரும்.

பெட்ரோல்!

ஆனால் முந்தாநாள்தானே போட்டது? வண்டியை ஆட்டிப் பார்த்தாள். டேங்கில் சளக் சளக்கென்று நிறையவே இருந்தது. தருமலிங்கம் செய்த மாதிரியே குனிந்து டியூபைப் பிடுங்கினாள். கொட்டவில்லை. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு அதுவும் நின்றுபோனது. டேங்க் நிறைய பெட்ரோல், டியூபில் சொட்டு இல்லை. வெயிலில் பார்த்த தருமலிங்கத்துக்கு அப்படிக் கொட்டியது, பனியில் அவளுக்கு வர மறுக்கிறது.

படகில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படகில் குடிதண்ணீர் கேன் இருக்கும், அடியில் குழாயோடு. மேல் மூடியை இறுக்கிவிட்டால் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வராது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, காற்று உள்ளே போக விட்டால்தான் வரும். நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

சாவியை உருவி டேங்க் மூடியில் போட்டுத் திருகினாள். மூடி எளிதில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சை உள்ளிழுத்தது. அடுத்த நொடி, கையில் தொங்கிக்கொண்டிருந்த டியூபிலிருந்து பெட்ரோல் அவள் பாதத்தில் சில்லென்று கொட்டியது.

"ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டாள். ஊரே எழுந்திருக்கும். கங்காதரன் கையில் டம்ளரோடு சாலைக்கே ஓடிவந்தான்.

"இன்னாக்கா, பேயா?"

"பேயுமில்ல, டச்சுக்காரனுமில்ல. நெருப்பு கிருப்பு எடுத்துக்கினு கிட்ட வராத, பெட்ரோலு!"

டியூபை மாட்டினாள். மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். நடுவில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்திருக்க வேண்டிய இடத்தில், தேன் நிறத்தில் ஒரு பொட்டு. கல் மாதிரி இறுகிய ரெசின். அந்தக் கைவேலையை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவாள். சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

பட்டனை அழுத்தி ஐந்து எண்ணினாள். பிடிக்கவில்லை. முப்பது எண்ணிக்கொண்டு சும்மா நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே நீளமான முப்பது அதுதான். மறுபடி அழுத்தினாள். மூன்று எண்ணுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நேற்றைய பேட்டரியாக இருந்தால் இந்நேரம் முனகலோடு முடிந்திருக்கும்.

மூடியைப் பூட்டாவிட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் பெட்ரோல் தெறிக்கும். பூட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி மூச்சடைக்கும். பூட்டிக்கொண்டே ஓட்டினாள். திருப்பாலைவனத்தில் வண்டி இரும ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தி, மூடியைத் திறந்து ஸ்ஸ் என்று மூச்சு வாங்க வைத்தாள். மெதூரில் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பட்டனைத் தொட்டதுமே வண்டி கிளம்பியது. பனி முகத்தில் அறைந்தது. முந்தானை நனைந்து கழுத்தில் ஒட்டியது. அவளுக்கோ பாட வேண்டும் போலிருந்தது. இன்னும் ஜெயிக்கவில்லை என்று புத்தி சொன்னாலும் நெஞ்சு கேட்கவில்லை.

பொன்னேரி மார்க்கெட்டில் லோகாம்பாள் தன் கைப்பேசியைக் கல்லின் மேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்தாள். அவள்தான் அங்கே எல்லாரையும்விட மூத்த மீன்காரி, கட்டுப்பாட்டைக் காப்பவள். ஆறு மணிக்கு அந்தக் கைப்பேசியில் சேவல் கூவும். கூவி முடித்ததும் பேச்சுக்கு இடமில்லை. சரோஜா மத்திக் கூடையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, வாசல் கல்லுக்கு ஒரு அடி தள்ளித் தயாராக நின்றிருந்தாள்.

வாசலில் வண்டியை அப்படியே நிறுத்தி, ஒரு கூடையை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் கயிற்றை மீன் கத்தியால் அறுத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள் ஜெசிந்தா. சேவல் கூவத் தொடங்கியது. அது முதல் கூவலை முடிப்பதற்குள் கூடை கல்லில் தொப்பென்று இறங்கியது. ஒரு நண்டு சாக்குக்கு வெளியே காலை நீட்டி, கல்லைத் தொட்டுப் பார்த்தது.

லோகாம்பாள் சேவலை அமுக்கினாள். ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி, மேலெல்லாம் பெட்ரோல் நாத்தம்?"

"செண்ட்டு பெரிம்மா. புதுசு."

மார்க்கெட்டே சிரித்தது. சரோஜாகூடச் சிரித்துவிட்டு, கூடையை இரண்டாவது கல்லுக்கே எடுத்துக்கொண்டு போனாள். "போவட்டும்க்கா, தை மாசம் பாத்துக்கறேன்" என்றாள். ஜெசிந்தா கல்லின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்றாள். கல் ஜில்லென்று இருந்தது. அவளுடைய கல்.

பதினொரு மணிக்கு ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே நான்கு பேரோடு கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ரெசின் தடவிக்கொண்டிருந்தான் தனசேகர். டேங்க் மூடியை அவன் கையில் வைத்தாள்.

"இத்த யாருய்யா அடைச்சது?"

அவன் முகம் மலர்ந்தது. "நாந்தான்! ஐப்பசில டேங்குல தண்ணி எறங்குச்சே, எங்கருந்துன்னு தேடித் தேடிப் பாத்தேன். எம்மாந் துளி ஓட்ட தெரியுமா? வேற எவன் கண்ணுக்கும் படாது. ரெசின் வெச்சு ஒரே அமுக்கு. நைனா மேல சத்தியமா சொல்றேன், காத்து கூடப் போ..."

பாதியில் நிறுத்தினான். மூடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அதாலதான்யா வண்டி நின்னுச்சு" என்றாள் ஜெசிந்தா. "காத்து போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் அத்த வெச்சான். ராத்திரி குளுந்தா உள்ள மூச்சு முட்டுது. வெயில் பட்டா பெட்ரோலு சூடாகி, தானா எறங்குது. ஒரு மாசமா நீ அடைச்ச ஓட்டைக்கு நான் டச்சுக்காரன திட்டிக்கினு இருந்தேன்."

கூட இருந்த நான்கு பேரும் படகின் மேல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனசேகர் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லிய துளைக்கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, மூடியை முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ரெசினைக் குடைந்தான். வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். காற்று போனது.

"என் ஜென்மத்துல ஓட்ட போட்டது இதான் மொத தபா" என்றான் பரிதாபமாக. மழை வந்தால் மூடியின் மேல் கவிழ்ப்பதற்குப் பழைய டயர் டியூபில் ஒரு குல்லாவும் வெட்டிக் கொடுத்தான். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அவளுக்கு அங்கேயே போய்விட்டது. ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காத மனுஷன், அவனை வேறென்ன செய்வது?

மறுநாளும் பனி கொட்டியது. ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது ஜெசிந்தா புறப்பட்டாள். மாதா கோயில் போனது, தண்ணீர்த் தொட்டி போனது. டீக்கடையில் கங்காதரனும் இன்னும் நாலு பேரும் டம்ளரும் கையுமாகச் சாலையோரம் வந்து நின்றிருந்தார்கள். இதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்து வந்தவர்கள். கல்லறை வாசல் வந்தது. வண்டி இருமவில்லை. எலும்புக்கூடு தூணோடு பின்னால் நழுவியது.

சும்மா போக அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மாதமாக அநியாயமாகப் பழி சுமந்தவர்கள் அல்லவா உள்ளே படுத்திருக்கிறார்கள்?

"மன்னிச்சுக்குங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஹாரனை இரண்டு முறை அழுத்தினாள். பேட்டரி நிறைந்திருந்தது. அந்தச் சத்தம் கல்லறைச் சுவரில் மோதி, பனியைக் கிழித்துக்கொண்டு ஏரி வரை கேட்டது.